குமுளி ஸ்டூடியோவுக்கு சர்வர் கேபினெட் மாத்துன கேஸ்: ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும்

பின்னணி

கேரளா எல்லைல, மலை மேல இருக்கிற குமுளில ஒரு கல்யாண ஃபோட்டோ, வீடியோ ஸ்டூடியோ. ஓனர் குடும்பம் கம்பத்துக்காரங்க, ரெண்டு தலைமுறையா மேலயே செட்டில். எடிட்டிங்ல மூணு பேரு, ரெண்டு பேரு நம்மாளுங்க, ஒருத்தர் கட்டப்பனை பக்கத்து சேட்டன். கூடலூர், கம்பம், உத்தமபாளையம்னு கீழயும் வேல எடுப்பாங்க, வண்டிப்பெரியார், ஏலப்பாறைனு அந்தப் பக்கமும் எடுப்பாங்க. ஒரு கல்யாணத்துக்கு 4கே ஃபுட்டேஜ் மட்டும் 400, 500 ஜிபி சாதாரணமா வந்துருது, அதுல பார்ட்டி ஆல்பம் செலக்ட் பண்ணவே நாலஞ்சு மாசம் ஆக்குவாங்க, அதுவரைக்கும் ஒரு ஃபைலையும் அழிக்க முடியாது. அதனால முன்னாடியே யாரோ ஒருத்தர்ட்ட சொல்லி ஒரு சர்வர் அசெம்பிள் பண்ணி வச்சிருந்தாங்க. மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு, 32 ஜிபி ரேம், 4 டிபி ஹார்ட்டிஸ்க் ஆறு, ஸ்டோரேஜ் சர்வருக்கான ஓஎஸ் ட்ரூநாஸ் போட்டு, ஆறையும் ஒரே சேமிப்பா, அதாவது ஒரு பூலா சேத்து ரெய்டு-இசட் 1ல ஓடிட்டு இருந்துச்சு. ஓஎஸ் தனியா ஒரு எம்.2 எஸ்எஸ்டில.

கட்டடத்த பத்தி சொல்லணும், ஏன்னா இந்த கேஸ்ல பாதி விஷயம் அதுலதான் இருக்கு. ஸ்டூடியோ மாடில. கீழ ஒரு மலஞ்சரக்கு கடை, பின்பக்கம் ஏலக்கா சலிச்சு தரம் பிரிக்கிற வேல நடக்கும், காஞ்ச காம்பு, தோல் தூசி எல்லாம் காத்துல மேல வரும். ஜூன் ஆரம்பிச்சா செப்டம்பர் வரைக்கும் சுவரே வேர்க்கும். கேமராவுக்கும் லென்ஸுக்கும் ஃபங்கஸ் வந்துரக் கூடாதுனு ஓனர் டிரை கேபினெட் வாங்கி அதுக்குள்ள பூட்டி வச்சிருந்தாரு. அந்த லென்ஸ்ல எடுத்த மொத்த வேலையும் இருக்கிற சர்வர் மட்டும் ஜன்னலுக்குக் கீழ, தரைல.

நம்ம கம்ப்யூட்டர் கடைக்கு வந்த கம்ப்ளைண்ட்: மாசத்துக்கு ஒருக்கா ஏதாவது ஒரு டிரைவ் பூல்ல இருந்து காணாம போகுது, ரீஸ்டார்ட் பண்ணா திரும்ப வந்துருது, இப்ப ரெண்டாவதும் அதே மாதிரி பண்ணுது. ரெய்டு-இசட் 1 ஒரே ஒரு டிரைவ் போற வரைக்குந்தான் தாங்கும். ரெண்டு ஒரே நேரத்துல போயிருந்தா அந்த சீசன் கல்யாணம் அத்தனையும் போச்சு. ஓனருக்கு அது புரிஞ்சுதான் இருந்துச்சு, "தம்பி, பார்ட்டி வந்து நின்னா நா என்னத்த சொல்றது" அப்டின்னாரு.

முதல்ல பாத்தது

கேபினெட், அதாவது சர்வர் பாகம் எல்லாம் உக்கார்ற டப்பா, இப்ப வர்ற கேமிங் மாடல். முன்னாடி முழுசா டெம்பர்டு க்ளாஸ், பக்கத்துல க்ளாஸ், மூணு ஆர்ஜிபி ஃபேன். கம்பெனி பேரு இங்க தேவையில்ல, அது செஞ்ச வேலைக்கு அது சரியான பொருள்தான், ஒரு எஸ்எஸ்டியும் ஒரு ஹார்ட்டிஸ்க்கும் போட்டு கேம் ஆடுறதுக்கு செஞ்சது. இந்த மாதிரி டப்பால மூணரை இன்ச் டிரைவுக்கு எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) மூடி இருக்கிற கீழ் அறைல ரெண்டு இடம்தான் இருக்கும். இங்க ஆறு டிரைவ். ரெண்டு டிரைவ் மட்டும் அதுக்குனு இருக்கிற சட்டத்துல, கேஜ்ல, இருந்துச்சு, மிச்சம் நாலும் ஒண்ணு மேல ஒண்ணா டபுள் சைடு டேப்பும் கேபிள் டையும் போட்டு அதே அறைக்குள்ள எஸ்எம்பிஎஸ் ஒயரோட சேத்து திணிச்சு, அதுக்கு மேல பின் மூடிய முழங்கால வச்சு அமுக்கித்தான் ஸ்க்ரூ போட்டிருக்கணும், மூடி நடுவுல புடைச்சு இருந்துச்சு.

டிரைவ் தன்னோட நிலைமைய தானே நம்பர் நம்பரா பதிவு பண்ணி வைக்கிற ஸ்மார்ட் ரிப்போர்ட் எடுத்தோம். நம்பர் 5, அதாவது கெட்டுப்போய் மாத்தி ஒதுக்குன செக்டார், ஆறு டிரைவ்லயும் சைபர். 197, படிக்க முடியாம நிலுவைல நிக்கிற செக்டார், அதுவும் சைபர். ஆனா காணாம போற ரெண்டு டிரைவ்ல மட்டும் 199 நாலு இலக்கத்துல நின்னுச்சு. 199ங்கிறது டிரைவுக்கும் போர்டுக்கும் நடுவுல டேட்டா போகும்போது வர்ற சிஆர்சி பிழை. இது ஏறுனா பெரும்பாலும் கேபிள் இல்லாட்டி கனெக்டர்தான் காரணம். அந்த ரெண்டு டிரைவோட சாட்டா கேபிள் எங்க இருக்குனு பாத்தா, சரியா மூடி புடைச்சிருக்கிற இடத்துல, கனெக்டர் ஒட்டுனாப்ல தொண்ணூறு டிகிரி மடிஞ்சு நசுங்கி இருந்துச்சு.

194, டெம்பரேச்சர். ரூம்ல 24 டிகிரி. வெளி ஓரத்துல இருந்த டிரைவ் 49, அடுக்குக்கு நடுவுல இருந்தது 57. இத காட்டுனதும் சேட்டன் சிரிச்சாரு, "இவிடெ தணுப்பல்லே, பின்னெ ஃபேன் எந்தினா?" அப்டின்னு. மலைல எல்லாருக்கும் இந்த நெனப்பு இருக்கு. 900 மீட்டர் கிட்ட உயரம், ஊரு குளிரு, மெஷினும் குளுந்துதான் இருக்கும்னு. ஹார்ட்டிஸ்க் சூடு அதோட மோட்டார்ல இருந்து வர்றது, பக்கத்துல காத்து நகரலைனா வெளிய குளிரா இருந்து ஒரு பிரயோஜனமும் இல்ல. முன்னாடி மூணு ஃபேன் ஜோரா சுத்துது, கலர் மாறுது, ஆனா க்ளாஸுக்கும் சட்டத்துக்கும் நடுவுல விரல் தடிமன் சந்து வழியாத்தான் காத்து உள்ள வரணும், வந்ததும் மேல் அறைக்குப் போயிருது, கீழ் அறை மூடாக்கு.

இன்னும் ரெண்டு விஷயம். பின்னாடி ரெண்டு ஸ்லாட் தகடு இல்ல, அது வழியா பல்லி உள்ள போயி போர்டு ட்ரேக்குப் பின்னாடி முட்ட வச்சிருந்துச்சு, ஒண்ணு பொரிஞ்ச ஓடு, ஒண்ணு முழுசு. பல்லி எஸ்எம்பிஎஸ்குள்ள போயி ஷார்ட் ஆகி செத்து மெஷினையும் சேத்து கொண்டுபோறது நம்ம கடைல வருஷா வருஷம் பாக்குற கேஸ். அடுத்தது கீழ் ஃபில்டர். அத இழுத்து எடுத்தா ஒரு கம்பளி மாதிரி வந்துச்சு, விரல்ல எடுத்துப் பாத்தா ஏலக்கா வாசம்.

மூடிய கழட்டி வச்சு ஒரு சோதனை

கேபினெட் மாத்தணும்னு சொன்னா பணம் செலவு, அதனால சூட்டுக்கு காரணம் டிரைவ் இல்ல, டப்பாதான்னு முதல்ல கண்ணால காட்டணும்னு நெனச்சோம். ரெண்டு பக்க மூடியும் கழட்டி, ஸ்டூடியோல இருந்த டேபிள் ஃபேன கீழ் அறை பாத்து வச்சோம். ஒரு மணி நேரத்துல 57ல இருந்தது 43க்கு வந்துருச்சு. வேற எதையும் தொடல. ஓனர் அதுக்கு மேல கேள்வி கேக்கல.

அதே நிலைல, ஃபேன் ஓட ஓட, டேட்டாவ வெளிய எடுத்தோம். மொத்தம் 9 டிபி. புதுசா 12 டிபி டிரைவ் ரெண்டு வாங்கி, யூஎஸ்பி டாக்ல போட்டு ஒண்ணு முடிஞ்சு ஒண்ணா ரெண்டு காப்பி. ஒரு காப்பிக்கே ஒரு நாள் முழுசா போயிருச்சு. நசுங்குன கேபிள் ரெண்டையும் மாத்திட்டுத்தான் காப்பி ஆரம்பிச்சோம், இல்லைனா நடுவுல டிரைவ் கழண்டுரும். ரெண்டாவது காப்பிய ஓனர் கம்பத்துல இருக்கிற வீட்டுக்கு கொண்டுபோயிட்டாரு. இது முடியிற வரைக்கும் கேபினெட் பேச்சே எடுக்க வேணாம்னு சொல்லிட்டோம். இதுல அவசரப்பட்டு பழைய டப்பால இருந்து டிரைவ் எல்லாம் உருவி மாத்தி மாத்தி சொருகி பூலையே தொலைச்ச ஆளுங்கள எனக்குத் தெரியும்.

கேபினெட் தேடுனது

தேவை என்னனு எழுதிப் பாத்தா இதுதான். மூணரை இன்ச் டிரைவ் எட்டு இப்ப, பின்னால நாலு ஏத்த இடம். மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு, 244க்கு 244 மில்லிமீட்டர், இருக்கிறதையே போடணும். டிரைவ் முன்னாடியே ஃபேன் இருக்கணும், காத்து டிரைவ தொட்டுட்டுத்தான் வேற எங்கயும் போகணும். ஃபில்டர் கழட்டி கழுவுற மாதிரி. பல்லி போற சந்து இருக்கக் கூடாது. எடிட்டிங் ரூம்லயே இருக்கப் போறதால சத்தம் தாங்கணும்.

ஓனர் முதல்ல கேட்டது ராக் சர்வர் டப்பா, 4யு, முன்னாடியே டிரைவ உருவிப் போடுற மாதிரி. பாக்க ஆஃபீஸ் மாதிரி இருக்கும்னு அவருக்கு ஒரு ஆச. 1யு உயரம் 44.45 மில்லிமீட்டர், 4யு 178 கிட்ட, அகலம் 19 இன்ச், அதெல்லாம் பிரச்சன இல்ல, ஆழம்தான் பிரச்சன. டிரைவ் முன்னாடி நிறைய போடுற டப்பா 650 மில்லிமீட்டர் கிட்ட வருது, பின்னாடி ஒயருக்கும் காத்துக்கும் இன்னொரு சாண் விடணும். அவங்க டேபிளே ரெண்டடிதான். அத விட, அந்த டப்பா ஃபேன் எல்லாம் ஆளில்லாத ரூமுக்குனு செஞ்சது, வீடியோக்கு ஆடியோ மிக்ஸ் பண்ற ரூம்ல அத வைக்க முடியாது. நெட்வொர்க்ல ஃபைல் வைக்கிறதுக்குனே வர்ற ரெடிமேட் நாஸ் பெட்டி, எட்டு டிரைவ் போடுறது, விலை பாத்தோம், வெறும் பெட்டிக்கே அவங்ககிட்ட இருக்கிற மொத்த மெஷின் விலைக்கு மேல போச்சு, கைல நல்ல போர்டும் ரேமும் இருக்கும்போது அது வீண்.

நாஸுக்குனே வர்ற சின்ன கேபினெட் அழகா இருக்கும். ஆனா அதுல நிறைய மினி ஐடிஎக்ஸ்தான், 170க்கு 170 போர்டு, நம்ம போர்டு ஏறாது. ஃப்ராக்டல் நோட் 804 ஏறும், மைக்ரோ ஏடிஎக்ஸ் வாங்கும், போர்டு ஒரு அறை, டிரைவ் ஒரு அறைனு ரெண்டா பிரிச்சு எட்டு டிரைவ மேல இருந்து தொங்க விடுற டிசைன், இந்த வேலைக்கு யோசிச்சு செஞ்ச பொருள்தான். ரெண்டு காரணத்தால விட்டோம். நாங்க தேடுன நேரத்துல கைக்கு கிடைக்கல. கிடைச்சிருந்தாலும், எட்டுக்கு மேல ஒண்ணு ரெண்டுதான் ஏத்தலாம், ஓனர் வேகத்துக்கு ரெண்டு வருஷத்துல இடம் தீந்துரும்.

இன்னொரு சிக்கல் ஸ்க்ரூ ஓட்டைல. பெரிய கெப்பாசிட்டி டிரைவ்ல இப்ப நடு ஓட்டை வர்றதில்ல. உள்ள தட்டு அதிகம், அடில நடுவுல இருந்த ஓட்டைய எடுத்து ஓரத்துக்கு தள்ளிட்டாங்க. பழைய டிசைன் ட்ரேல அடில நாலு ஓட்ட இருக்கும், புது டிரைவ வச்சா ரெண்டுதான் நேரா நிக்கும். டிரைவ் ட்ரே உள்ள எந்த கேபினெட் வாங்குனாலும் இத முதல்ல பாக்கணும், வாங்கிட்டு வந்து ரெண்டு ஸ்க்ரூல தொங்க விடாதீங்க, அதிரும்.

ஏன் பழைய டவர்

கடைசில மதுரைல ஒரு பழைய பொருள் கடைல கிடைச்சது பத்துப் பதினஞ்சு வருஷத்துக்கு முந்துன ஃபுல் டவர். ஒரு கிராபிக்ஸ் ஆஃபீஸ்ல இருந்து கழிச்சு போட்டது. முன்பக்கம் மேல இருந்து கீழ வரைக்கும் அஞ்சேகால் இன்ச் பே ஒம்போது, டிவிடி ரைட்டர் போடுற இடம், ஒவ்வொண்ணுக்கும் ஓட்ட போட்ட கம்பி வலை மூடி. விலை 2,500. ஓனர் மூஞ்சி சுருங்கிருச்சு, "நா காசு இல்லைனா சொன்னேன்?" அப்டின்னாரு.

அவருக்கு விளக்குனது இதுதான். இந்த பே மூணு சேந்தா அதுக்குள்ள நாலு ஹார்ட்டிஸ்க் புடிக்கிற கேஜ் கிடைக்குது, முன்னாடி 120 மில்லிமீட்டர் ஃபேனோட. ஒம்போது பே, மூணு கேஜ், பன்னண்டு டிரைவ். இப்ப ரெண்டு கேஜ் போடுறோம், எட்டு டிரைவ். ஃபேன் காத்து க்ளாஸ் மேல முட்டாம நேரா டிரைவ் மேல. தகடு இப்ப வர்றத விட தடிமன், எட்டு மோட்டார் சுத்துனாலும் ஆடாது. எஸ்எம்பிஎஸ் சைசும் போர்டு ஸ்க்ரூ இடமும் ஏடிஎக்ஸ் கணக்கு, அது 1995ல இன்டெல் கொண்டுவந்தது, அதனால பழைய டப்பால புது போர்டு உக்கார ஒரு தடையும் இல்ல. கம்ப்யூட்டர்ல இவ்ளோ வருஷம் மாறாம இருக்கிற பொருள் ரொம்பக் கொறச்சல்.

மூணு பேல அஞ்சு டிரைவ, மெஷின அணைக்காமலே முன்னாடியே உருவிப் போடுற ஹாட் ஸ்வாப் கேஜும் இருக்கு. வேணாம்னு முடிவு பண்ணோம். அதுல பின்னாடி ஒரு சர்க்யூட் போர்டு வரும், ஒவ்வொரு டிரைவுக்கும் கூடுதலா ஒரு கனெக்டர், நாலு மாசம் ஈரத்துல இருக்கிற ஊர்ல எத்தன கனெக்டர் கூடுதோ அத்தன வம்பு. ஃபேனும் சின்னது, 80 மில்லிமீட்டர், அதே காத்து வேணும்னா வேகமா சுத்தணும், கத்தும். ஸ்டூடியோ ராத்திரி மூடுது, டிரைவ் மாத்த மெஷின அரை மணி நேரம் அணைச்சா யாருக்கும் நட்டம் இல்ல.

வேல நடந்த விதம்

பழைய டவர்ல ஒவ்வொரு பேக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் குட்டி நாக்கு மாதிரி தகடு நீட்டிட்டு இருக்கும், டிவிடி ரைட்டர் அது மேல உக்காரும். மூணு பே கேஜ் உள்ள போகணும்னா இந்த நாக்கு எல்லாத்தையும் மடக்கணும். கட்டிங் பிளேயர்ல புடிச்சு மடக்கலாம்னு பாத்தோம், அந்தக் காலத்து தகடு, அசையல. வெல்டிங் பட்டறைல குடுத்து கிரைண்டர்ல வழிச்சு எடுத்தோம். கிரைண்டர் போட்ட இரும்புத் தூள் ஒண்ணு போர்டுல ஒட்டுனா கத முடிஞ்சிரும், அதனால வெறும் டப்பாவாத்தான் பட்டறைக்குப் போச்சு, வந்ததும் சோப்புத் தண்ணி விட்டு கழுவி, வெயில்ல காயப்போட்டு, வெட்டுன ஓரத்துக்கு பெயின்ட் அடிச்சோம். கம்பத்து வெயில்லதான் காயப்போட்டது, குமுளில அந்த வாரம் சூரியனே இல்ல.

போர்டுல சாட்டா ஆறுதான், எட்டு டிரைவுக்கு பத்தாது. எட்டு டிரைவ் மாட்டுற எல்எஸ்ஐ 9211-8ஐ கார்டு, ஐடி மோட்ல (ரெய்டு பண்ணாம டிரைவ அப்படியே ட்ரூநாஸுக்கு காட்டுற மோட்) இருக்கிறது, பழசு வாங்கி எட்டையும் அதுலயே போட்டோம். இந்த கார்டு சர்வர் காத்துல இருக்கணும்னு செஞ்சது, சாதா டவர்ல ஹீட்சிங்க் தொட முடியாத சூடாகும், அது மேல ஒரு குட்டி ஃபேன் வச்சோம்.

பவர் கணக்கு. ஹார்ட்டிஸ்க் ஓடும்போது அஞ்சாறு வாட்ஸ், ஆனா சுத்த ஆரம்பிக்கிற அந்த சில செகண்ட்ல 12 வோல்ட்ல 2 ஆம்பியர் கிட்ட இழுக்கும். எட்டுன்னா 16 ஆம்பியர், 190 வாட்ஸ் சொச்சம், ஒரே மூச்சுல. பழைய எஸ்எம்பிஎஸ் வாட்ஸ்ல பிரச்சன இல்ல, சாட்டா பவர் கனெக்டர் நாலுதான் இருந்துச்சு, மிச்சத்துக்கு மோலெக்ஸ்ல (பழைய நாலு முள்ளு பவர் கனெக்டர்) இருந்து மாத்துற பிளாஸ்டிக் ஊத்துன கன்வெர்டர் போட்டிருந்தாங்க. அந்த வகை கன்வெர்டர் உள்ளுக்குள்ள ஒயர் ஒட்டி தீஞ்சு போறது தெரிஞ்ச விஷயம். 550 வாட்ஸ்ல சாட்டா கனெக்டர் எட்டு உள்ளதா புதுசு வாங்கி, ஒரு ஒயருக்கு நாலு டிரைவுக்கு மேல இல்லாம பிரிச்சோம்.

ஃபில்டர்தான் இந்த வேலைல எனக்குப் புடிச்ச பாகம். பழைய டவர்ல ஃபில்டர்ங்கிற பேச்சே கிடையாது. குமுளில ஜன்னலுக்கு கொசுவலை ஃப்ரேம் அடிக்கிற அலுமினியம் கடைக்காரர்ட்ட டவரோட முன்பக்க அளவ குடுத்தோம். மெல்லிசு ஃப்ரேம், நடுவுல ஃபைபர் வலை, ஓரத்துல காந்தப் பட்டை ஒட்டி குடுத்துட்டாரு. டப்பா இரும்புங்கிறதால பட்டுனு ஒட்டிக்குது, இழுத்தா வந்துருது. கழுவுறது எடிட்டிங் பசங்க யார் வேணா செய்யலாம், ஸ்க்ரூ டிரைவர் வேணாம். ஆள் கூப்புட்டு கழட்ட வேண்டிய ஃபில்டர யாரும் கழுவ மாட்டாங்க.

ஃபேன் ஓட்டம்: முன்னாடி ரெண்டு 120 உள்ள இழுக்குது, பின்னாடி ஒரு 120 கொஞ்சம் மெதுவா வெளிய தள்ளுது. உள்ள வர்றது கூட, போறது கொறச்சல். அப்ப டப்பா சந்து பொந்துல எல்லாம் காத்து வெளிய தான் கசியும், தூசி வலை வழியா மட்டுந்தான் உள்ள வர முடியும். பின்னாடி காலி ஸ்லாட்டுக்கு எல்லாம் தகடு போட்டாச்சு, ஒயர் போற ஓட்டைக்கு வலைத் துண்டு. பல்லிக்கு வழி இல்ல.

டிரைவ் ஒவ்வொண்ணோட சீரியல் நம்பர் கடைசி நாலு எழுத்த லேபிள்ல எழுதி முன்னாடி தெரியிற மாதிரி ஒட்டுனோம். ட்ரூநாஸ் கெட்டுப்போன டிரைவ சீரியல் நம்பர்லதான் சொல்லும், எட்டுல எதுனு தெரியாம நல்லத உருவுனா கத கந்தல்.

பூல புதுசா கட்டுனோம். 4 டிபி ஆறும் ரெய்டு-இசட் 2, ரெண்டு டிரைவ் செத்தாலும் தாங்கும், ஓடுற வேல அதுல. 12 டிபி ரெண்டும் மிரர், ரெண்டுலயும் ஒரே டேட்டா, முடிஞ்ச வேல அதுல. முதல்ல ஆறுக்கு டேட்டா திரும்ப ஏத்தி, ஸ்க்ரப் (மொத்த டேட்டாவையும் படிச்சு சரிபாக்குறது) ஓட்டி பிழை இல்லைனு பாத்துட்டு, அதுக்கப்புறந்தான் 12 டிபி ரெண்டையும் அழிச்சு மிரர் ஆக்குனோம். கம்பத்து வீட்டுக்குப் போன டிரைவ் இதுல ஒண்ணுங்கிறதால, அது இல்லாம வீட்டு காப்பிக்குனு தனியா ஒரு எக்ஸ்டர்னல் வாங்க வேண்டி வந்துச்சு, அத முதல்லயே சொல்லித்தான் எஸ்டிமேட் குடுத்திருந்தோம்.

நடுவுல எர்த் விஷயம்

எல்லாம் முடிஞ்சு ஆன் பண்ணி ஃபில்டர் எடுக்கப் போன பையன் கைய உதறுனான், "அண்ணே, சுர்ருங்குது". பழைய டப்பா, பெயின்ட் உரிஞ்ச ஸ்க்ரூல கை பட்டா லேசா அடிக்குது. டெஸ்டர் வச்சா எரியுது. டப்பாவுல கோளாறு இல்ல. எஸ்எம்பிஎஸ் உள்ள வர்ற இடத்துல சத்தத்த வடிகட்ட ஃபேஸ்ல இருந்தும் நியூட்ரல்ல இருந்தும் பாடிக்கு குட்டி கப்பாசிட்டர் போட்டிருப்பாங்க, எர்த் சரியா இருந்தா அது வழியா மண்ணுக்குப் போயிரும், எர்த் இல்லைனா பாடி பாதி வோல்டேஜ்ல மிதக்கும். க்ளாஸ் டப்பாவுல இது இருந்துருக்கும், தொடுற இடமெல்லாம் க்ளாஸும் பிளாஸ்டிக்கும்ங்கிறதால யாருக்கும் தெரியல. எலக்ட்ரீசியன் வந்து பாத்தா சாக்கெட்ல எர்த் ஒயரே மாட்டல. ஐப்பசி இடி மின்னலுக்கு பேர் போன மலைல இது சின்ன விஷயம் இல்ல. எர்த் சரி பண்ணதும் டெஸ்டர் அணைஞ்சிருச்சு, யூபிஎஸ்ஸும் அதே லைன்ல மாத்துனோம்.

அதுக்கப்புறம் என்ன ஆச்சு

எட்டு டிரைவும் ஓடும்போது 35ல இருந்து 39க்குள்ள நிக்குது. ஸ்க்ரப் ஓடுற ராத்திரி 41 வரைக்கும் போச்சு. சூட்ட பத்தி பயமுறுத்துறது எனக்குப் புடிக்காது. கூகுள் ஆளுங்க 2007ல அவங்களோட டிரைவ வச்சு வெளியிட்ட ஆய்வுல சூட்டுக்கும் சாவுக்கும் நெனச்ச அளவு நேரடி சம்பந்தம் இல்லைனுதான் வந்துச்சு, ரொம்ப அதிக சூட்டுலயும், மூணு வருஷம் தாண்டுன டிரைவ்லயுந்தான் சாவு கூடுனுச்சு. நம்ம கேஸ்ல ரெண்டுமே இருந்துச்சு, 57 டிகிரி, டிரைவ் எல்லாம் நாலு வயசு.

199 நம்பர் கீழ இறங்காது, அது மொத்தக் கணக்கு. ரெண்டு டிரைவுக்கும் அன்னைக்கு இருந்த நம்பர லேபிள்லயே எழுதி வச்சோம், அதுக்கப்புறம் ஒண்ணு கூட ஏறல. டிரைவ் காணாம போறது அதோட நின்னுச்சு.

அடுத்த மழைக்காலத்துல பழைய டிரைவ் ஒண்ணுல 197 ஏற ஆரம்பிச்சுச்சு, முன்னாடி அடுக்குக்கு நடுவுல 57ல வெந்த அதே டிரைவ். அது கேபினெட்டால வந்ததா, வயசால வந்ததானு ஒரு டிரைவ வச்சு சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஃபோன்ல சொல்ல சொல்ல சேட்டனே மெஷின அணைச்சு, லேபிள் பாத்து உருவி, புதுசு மாட்டி, ரீசில்வர் (புது டிரைவ்ல டேட்டாவ திரும்ப கட்டுறது) போட்டுட்டாரு. மறுநாள் மதியம் பூல் பழையபடி. நாங்க மலை ஏறவே இல்ல.

ஈரம் பத்தி ஒரு முடிவு எடுத்தோம், மெஷின அணைக்கிறதே இல்ல. ஓடுற டப்பா ரூம விட எப்பவும் நாலஞ்சு டிகிரி கூடவே இருக்கும், அதனால உள்ள ஈரம் படியாது. மழைல ஒரு வாரம் அணைச்சு வச்சு ஆன் பண்றதுதான் மோசம். டிரைவ் மாத்த மூடி திறந்தப்ப ஸ்க்ரூல துரு இல்ல, போர்டுல தூசி ஒரு மெல்லிசு படலம், அவ்ளோதான்.

ஒரு குறை இருந்துச்சு. ராத்திரி எல்லாம் அடங்குனப்புறம் ஊம்ம்னு ஒரு ரீங்காரம், எட்டு டிரைவ் அதிர்வும் மர டேபிள்ல ஏறி. டவர் நாலு காலுக்கும் லாரி ட்யூப் வெட்டி ரெண்டு மடிப்பா போட்டோம், பாதிக்கு மேல கொறஞ்சுச்சு.

மறுபடி இதே மாதிரி வந்தா

வலை இன்னும் கொஞ்சம் அகலக் கண்ணுள்ளதா எடுப்போம். முதல்ல போட்டது ரொம்ப நெருக்கம், ஏலக்கா சீசன்ல பத்து நாள்லயே அடைச்சுக்கிட்டு டிரைவ் மூணு டிகிரி ஏறுனுச்சு, இப்ப மாசத்துல ரெண்டு தடவ குழாயடில காட்டி எடுக்குறாங்க. ஃபுல் டவர்ல மேல் கேஜுக்கும் கார்டுக்கும் தூரம் அதிகம், கார்டுல ஒரு முனை, டிரைவ் பக்கம் நாலு முனைனு பிரியிற பிரேக்அவுட் கேபிள், வழக்கமா வர்ற அரை மீட்டர், இழுத்துக்கிட்டு நின்னுச்சு, ஒரு மீட்டர் வாங்கி மாத்துனோம், சாட்டாக்கு அதுக்கு மேல நீளம் கூடாது. அடுத்த தடவ அளந்துட்டுத்தான் ஆர்டர் போடுறது. எர்த் டெஸ்ட் முத நாளே. எல்லாத்துக்கும் மேல, புதுசா கட்டுறவங்கனா முதல்ல எத்தன டிரைவ், எந்த ரூம், அதுக்கு எந்த டப்பானு முடிவு பண்ணிட்டுத்தான் போர்டு பக்கமே போகச் சொல்லுவோம். நம்மூர்ல எல்லாரும் ப்ராசசர்ல ஆரம்பிச்சு, மிச்சமிருக்கிற காசுக்கு லைட்டு எரியிற கேபினெட்ல முடிக்கிறாங்க.

லைட்டு எரியணும்ங்கிற ஓனர் ஆசையும் வீண் போகல, அந்த க்ளாஸ் டப்பாவ எடிட்டிங் மெஷின் ஒண்ணுக்கு மாத்திட்டாரு, ஒரே ஒரு எஸ்எஸ்டி, அதுல அது நல்லா ஓடுது. டவர்ல மூணாவது கேஜுக்கு இடம் காலியாத்தான் இருக்கு. போன வாரம் ஃபோன் பண்ணி 12 டிபி இன்னும் ரெண்டு விலை கேட்டாரு, முதல்ல வீட்டு காப்பிக்கு பெரிய டிரைவ் வாங்குங்கண்ணே, அப்புறம் கேஜ் பாப்போம்னு சொல்லியிருக்கேன்.